கூடூர் தாண்டினால் சேலை

1

என் வீட்டுக்காரர் இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறுகிறார். பென்ஷன் காகிதங்கள் இப்போதே வீட்டுக்கு வந்துவிட்டன. அரசாங்கம் ஒரு மனிதனை வேலைக்கு எடுக்கும்போது கேட்ட கேள்விகளைவிட வீட்டுக்கு அனுப்பும்போது கேட்கிற கேள்விகள் அதிகம். உயரம் எவ்வளவு, உடம்பில் மச்சம் எங்கே, கையெழுத்து மாதிரி மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு வரி, மனைவியோடு சேர்ந்து எடுத்த புகைப்படம், மூன்று பிரதி.

"சேலை கட்டிக்கோ, என்ன?" என்றார், படிவத்திலிருந்து தலையை எடுக்காமல்.

"ஏன்?"

"காலத்துக்கும் ஃபைல்ல இருக்கப்போற போட்டோல்லா. எனக்கு ஏதாவது ஆயிட்டா இதைக் காட்டித்தான் நீ ஃபேமிலி பென்ஷன் வாங்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாரத்தில் ஆறு நாள் சூட் போட்டுக்கொண்டு அலைகிறவள் நான். நாளைக்கு ஏதோ ஒரு ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்கப்போகிறவளும் சூட் போட்ட கோமதிதான். படத்தில் பட்டுச்சேலையோடு இருப்பவளும் எதிரே நிற்பவளும் ஒருத்திதானா என்று ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் குமாஸ்தா பாபு கேட்டால் என்ன சொல்வேன்? இதை வேடிக்கையாகத்தான் அவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வடிவு அக்காவின் நினைவு வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுடிதார் என்று சொல்வதைத்தான் நாங்கள் இங்கே சூட் என்கிறோம். கமீஸ், சல்வார், துப்பட்டா மூன்றும் சேர்ந்தது. கோட்டு சூட்டு இல்லை. என் மகள் ப்ரீதி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். டெல்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இவ்வளவு நீளத்தை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிறகு எனக்கும் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். நாற்பது வயதுவரை சேலைதான். குளிர்காலத்தில் எங்களைப் பார்க்க வேண்டும். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, காலில் சாக்ஸ், சாக்ஸோடு ஹவாய் செருப்பு. செருப்பு வாருக்குள் கட்டைவிரலை நுழைக்க சாக்ஸை ஒரு மடிப்பு மடித்து உள்ளே தள்ளுவோம். காலனியில் அப்படி ஒரு கால் நடந்து வந்தாலே தமிழ்க்காரி வருகிறாள் என்று பஞ்சாபிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

ஒரு டிசம்பர் காலையில் பஸ் படியில் சேலை சிக்கிக் கீழே விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. என் பக்கத்து மேஜை கௌர் மேடம் அன்று மாலையே லஜ்பத் நகருக்குக் கூட்டிப்போய் சூட் துணி எடுத்துக்கொடுத்து, தன் டெய்லரிடம் கொண்டு நிறுத்தினாள். மாஸ்டர்ஜி என்று எல்லோரும் கூப்பிடும் கிழவர். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உமர் கே ஹிஸாப் ஸே பனாவூன்?" என்றார். வயதுக்குத் தகுந்தாற்போல் தைக்கட்டுமா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். உள்ளுக்குள், இரண்டு மூன்று வயது குறைத்துத் தைத்தால் தேவலை என்று இருந்தது.

பஸ்ஸில் விழுந்ததால்தான் சூட் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. ஆபீஸ் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பேங்க் உண்டு, பெரிய கண்ணாடிக் கதவு. சூட் போட்ட முதல் நாள் அதில் என்னைப் பார்த்தேன். நேராக, மெலிவாக, வேகமாக நடக்கிற ஒருத்தி. யாரோ என்று நினைத்தேன். அந்த யாரோவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதுதான் மீதிப் பாதி.

பிறகு எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கை முழங்கைக்குக் கீழே வர வேண்டும். கமீஸ் முழங்காலைத் தாண்ட வேண்டும். துப்பட்டாவை ஒரு தோளில் தொங்கவிடக் கூடாது, இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும். கிளிப்பச்சையும் கண்ணைப் பறிக்கும் ரோஸும் கூடாது. சரிகை கூடாது. செங்கல் நிறம், பாசி நிறம், சாம்பல் நிறம் பரவாயில்லை. ஆபீஸில் புதிதாகச் சூட்டுக்கு மாறுகிற தென்னாட்டுக்காரிகள் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். "உன் வயசுக்கு அந்த பிரிண்ட் வேண்டாம்" என்று நானும் பெரிய ஆள் மாதிரி சொல்லுவேன்.

இந்தத் தைரியமெல்லாம் ரயில் ஏறும்வரைதான். லீவுக்கு ஊருக்குப் போகிற டெல்லித் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு எழுதாத விதி இருந்தது. டெல்லியில் ஏறும்போது சூட். இரண்டாம் நாள் இரவும் சூட். மறுநாள் விடியற்காலையில், சென்னைக்கு முன்னால் வரும் கூடூர் தாண்டியதும், ஆளுக்கொரு பையோடு கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்போம். பையில் சேலை, பாவாடை, ஜாக்கெட். ஆடுகிற ரயிலில், ஈரத்தில் படாமல், ஒற்றைக்காலில் நின்று சேலை கட்டி வெளியே வருகிற வித்தை எங்களுக்கு மட்டுமே தெரியும். சென்னையில் இறங்கும்போது பொட்டும் பூவுமாய் உத்தமிகளாக இறங்குவோம். வரிசையில் நிற்கும்போது ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வதும் இல்லை.

3

வடிவு அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா எங்களுக்குச் சீக்கிரமே போய்விட்டதால், எனக்குப் பள்ளிக்கூடப் பாவாடை தைத்ததும், பதினாறு வயதில் கொசுவம் வைக்கச் சொல்லிக்கொடுத்ததும், கல்யாணத்தன்று கூறைச்சேலை கட்டிவிட்டதும் அக்காதான். நான் என்ன உடுத்தினாலும் அக்கா பார்த்தால் என்ன சொல்லுவாள் என்பது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பயத்துக்கு ஒரு காரணமும் உண்டு. எண்பதுகளில் தென்காசியில் ஒரு கல்யாணம். பம்பாயிலிருந்து மாப்பிள்ளை வழிச் சொந்தக்காரி ஒருத்தி சூட் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவள் அந்தப் பக்கம் போனதும் அடுக்களையில் ஒரே சிரிப்பு. "சர்க்கஸ்காரி மாதிரில்லா இருக்கா" என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான். அக்கா அன்று சிரித்தாளா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவில்லை. நான் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

தொண்ணூற்றெட்டு பொங்கல் முடிந்து அக்காவின் கடிதம் வந்தது. அத்தானும் அவர் நண்பர்களும் காசிக்குப் போகிறார்கள், அக்காவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பும்போது கூட்டிக்கொள்வார்கள், பன்னிரண்டு நாள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு, அக்காவுக்கு ஐம்பத்தொன்று. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அக்கா முதல்முறையாக என் வீட்டுக்கு வருகிறாள். எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. பீரோ ஞாபகம்தான் வந்தது.

டெல்லி வீடுகளில் கட்டிலே ஒரு பெட்டி. மெத்தையை நகர்த்திப் பலகையைத் தூக்கினால், உள்ளே குளிர்கால ரஜாய்கள், அதாவது பஞ்சு வைத்த கனத்த போர்வைகள், கோடை முழுதும் தூங்கும். ஜனவரியில் ரஜாய் எல்லாம் வெளியே இருப்பதால் பெட்டி காலி. என் ஒன்பது சூட்டுகளையும் பீரோவிலிருந்து அள்ளி அதற்குள் போட்டுவிட்டதாகத்தான் நினைப்பு. மடிக்கவும் இல்லை. மேலே ஒரு பழைய ரஜாயைப் போட்டு மூடினேன்.

ப்ரீதிக்கு அப்போது பதினாறு. கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"க்யா கர் ரஹீ ஹோ அம்மா, என்ன பண்றே? பெரியம்மா என்ன போலீஸா?"

"நீ சும்மா இரு. அவ இருக்கிற வரைக்கும் நீயும் ஜீன்ஸ் போடக்கூடாது. அம்மா எப்பவும் சேலைதான் கட்டுவா, கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"நான் ஜூட் பேசமாட்டேன். மார்க்ஸ் விஷயத்துல நான் பொய் சொன்னா எவ்ளோ டாண்ட்டுவே, திட்டுவே? இப்போ உனக்காக நான் சொல்லணுமா?" உள்ளே போனவள் திரும்பி வந்து, "டர் உனக்குத்தான். எனக்கு இல்ல" என்றாள்.

பயம் என்ற தமிழ்ச்சொல் அவளுக்குத் தெரியவில்லையே என்று அன்று வருத்தப்பட்டேன். அவள் சொன்னதைப் பற்றி வருத்தப்படவில்லை.

4

அக்கா வந்தாள். ஸ்டேஷனில் என்னைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி கோமு, மெலிஞ்சு போயிட்டியே" என்று அழுதாள். நான் மாம்பழ மஞ்சளில் சேலை கட்டிப் போயிருந்தேன்.

குளிர் அவளைப் படுத்திவிட்டது. "கால் வழியால்லா ஏறுது" என்பாள். சேலைக்குள் என் வீட்டுக்காரரின் பழைய பைஜாமாவைப் போட்டுக்கொள்ளச் சொன்னால், "சவத்தத் தள்ளு, ஆம்பளத் துணிய உடுத்திகிட்டு" என்று மறுத்துவிட்டாள். பகலெல்லாம் அடுக்களை ஸ்டவ் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நாங்கள் மூவரும் ஆபீஸும் பள்ளிக்கூடமும் போய்விட்டால் வீட்டில் தனியாக இருப்பாள்.

நான் தினமும் சேலையில் ஆபீஸ் போனேன். "உன் வீட்டில் பன்னிரண்டு நாள் பூஜையா?" என்று கௌர் மேடம் கேலி செய்தாள்.

மூன்றாம் நாள் மாலை நான் வந்ததும் வராததுமாக அக்கா, "செங்கல் கலர்ல நூலும் ஊசியும் இருக்காட்டி?" என்று கேட்டாள்.

"என்னத்துக்குக்கா?"

"உள்பாவாடை தையல் விட்டுட்டு."

எடுத்துக் கொடுத்தேன். அக்காவின் உள்பாவாடை வெள்ளை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இஸ்திரிக்காரனைப் பற்றிய கவலையில் இருந்தேன். அவனிடம் போட்டிருந்த என் பாசி நிறச் சூட் ஒன்று அங்கேயே மறந்துபோயிருந்தது. பயந்தபடியே அடுத்த நாள் அவன் மனைவி அதைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் வந்ததும் அக்கா அதைக் காட்டினாள்.

"அது மேல் வீட்டு சர்தாரிணி அம்மாவோடது. மாத்திக் கொடுத்துட்டா" என்றேன்.

"அப்படியா? நல்ல துணியா இருக்கு" என்றாள் அக்கா. ப்ரீதி தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள். அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி, சர்தாரிணி வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நாற்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போனோம். முருகன் சந்நிதியில் எங்கள் பிளாக் பெண் ஒருத்தி, "என்ன கோமதி, இன்னைக்கு அதிசயமா சேலையில?" என்றாள். பிரசாதம் தீர்ந்துவிடும் என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அக்கா கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

5

ஒன்பதாம் நாள் அரை நாள் லீவு போட்டு அக்காவை சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். மருமகளுக்கு சால்வை, பேரனுக்கு ஸ்வெட்டர் வாங்கினாள். வெயில் நன்றாக இருந்தது. அக்காவும் சந்தோஷமாக இருந்தாள். கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு இரண்டு பேரும் பாவாடை தாவணிக் காலம் மாதிரி நடந்தோம்.

ஒரு கடையில் கம்பளி கலந்த சூட்டுகள் மாட்டியிருந்தார்கள். அக்கா நின்றாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, கழுத்தில் சின்னதாகப் பூவேலை. அதன் சல்வாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிறகு முழுக்கையால் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி கோமு."

"என்னக்கா?"

"எனக்கு இது ஒண்ணு எடுத்தா எப்படி இருக்கும்?"

நான் சிரித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், பொய்ச் சிரிப்பு இல்லை. அடுக்களையில் பம்பாய்க்காரியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"உனக்கா? இந்த வயசுலயா? மருமக வந்து, பேரன் வந்து, இனிமே போயி சூட்டா? ஊர்ல பாத்தா சிரிக்கமாட்டாளுவளா?"

"ஊர்ல எங்க போடப்போறேன்? இங்கன இருக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ள. கால் குளிருதுல்லா."

"குளிருக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கோ. இதெல்லாம் உடம்பு வாகு வேணும்க்கா. எல்லாருக்கும் சரிப்படாது."

கடைக்காரன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், ஏதோ அழுக்குப் பட்ட மாதிரி.

"ஆமா. சும்மாதான் கேட்டேன்" என்றாள். நாலு அடி நடந்து, முகத்தைப் பார்க்காமல், "நீ போட்டே பாத்ததில்லியா?" என்று கேட்டாள்.

"சே. நானா?"

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். மீதிக் கடலையை என் கையில் கொடுத்துவிட்டாள். அப்புறம் சாக்ஸ் வாங்கினோம். காப்பிப்பொடி நிறம், இரண்டு ஜோடி. வீட்டுக்கு வரும்வரை மருமகளின் சால்வையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

6

பன்னிரண்டாம் நாள் அத்தான் வந்து கூட்டிப்போனார். ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாகக் கட்டில் பலகையைத் தூக்கினேன்.

ஒன்பது சூட்டில் ஒன்று தண்ணீர்த்தொட்டியிலிருந்து ஏற்கெனவே மீண்டுவிட்டது. அதை நான்தான் உள்ளே போட்டிருந்தேன், அவசரத்தில் இருட்டில் கையை விட்டு. மற்ற எட்டும் மடித்திருந்தன. ஒவ்வொரு கமீஸுக்குள்ளும் அதனதன் சல்வார், அதற்கு மேல் அதனதன் துப்பட்டா. அக்கா மடிப்பு எனக்குத் தெரியும், ஓரத்தோடு ஓரம் வைத்துக் கையால் ஒருமுறை நீவிவிடுவாள். செங்கல் நிறச் சூட் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. அதன் கமீஸில் இரண்டு அக்குளிலிருந்தும் இடுப்புவரை பொடித்தையல். செங்கல் நிற நூல்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூல் கேட்டது மூன்றாம் நாள். மார்க்கெட் போனது ஒன்பதாம் நாள். இஸ்திரிக்காரி கொடுத்த சூட்டைப் பார்த்து 'நல்ல துணி' என்றபோதும், கோயிலில் காது கேளாதவள் மாதிரி நடந்தபோதும், அக்காவுக்கு எல்லாம் தெரியும்.

அன்று இரவுக்குள் எனக்கு ஒரு சமாதானமும் கிடைத்துவிட்டது. கிழிந்த துணியைக் கண்டால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பெட்டியைத் திறந்திருக்கிறாள், பழந்துணி தையல் விட்டிருப்பதைப் பார்த்துத் தைத்திருக்கிறாள். தங்கச்சி பயந்து சாகிறாளே என்று, மார்க்கெட்டில் தனக்குக் கேட்கிற மாதிரி கேட்டு எனக்கு வழி திறந்துவிட்டிருக்கிறாள். 'எடுத்துக்கோக்கா, நானும் போடுவேன்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். நான்தான் வாயைத் திறக்கவில்லை. அக்கா எவ்வளவு பெரிய மனசுக்காரி, நான் எவ்வளவு சின்ன புத்திக்காரி. இப்படி நினைத்து நினைத்து வெட்கப்பட்டேன். யோசித்தால் அந்த வெட்கத்தில்கூட எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அதில் நஷ்டம் எனக்கு மட்டும்தான்.

கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி நான் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூடூர் தாண்டியதும் பையோடு வரிசையில் நின்றேன். தென்காசி வாசலில் அக்கா என்னைப் பார்த்து, "சேலை நல்லாருக்குட்டி" என்பாள்.

ஒரு தடவை ப்ரீதி தன் போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தாள். அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆக்ராவில் எடுத்த படம் வந்தது. கூலிங்கிளாஸ், செங்கல் நிறச் சூட், பக்கவாட்டில் நிற்கிறேன். "இது யாரு, நம்ம கோமதி சாடையால்லா இருக்கு?" என்றாள். அக்கா எட்டிப் பார்த்து, படத்தில் என் முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே, "இது இவ ஆபீஸ்ல வேலை பாக்குத பொம்பள" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அடுத்தவர் முன்னால் அக்கா பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என் பொய்யை அவள் வாயில் கொடுத்திருக்கிறேன்.

7

இந்த வருஷம் எனக்கு ஐம்பது. நான் நாற்பத்திரண்டில் பயந்ததெல்லாம் இன்று யாருக்கும் ஒரு பொருட்டில்லை. போன லீவில் பார்த்தேன், தென்காசி பஸ் ஸ்டாண்டில் என் வயது டீச்சரம்மா ஒருத்தி சுடிதாரில் நின்று தினசரி படித்துக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றும் நான் சேலையில்தான் இருந்தேன்.

பென்ஷன் படத்துக்குச் செங்கல் நிறச் சூட்டையே போட்டுக்கொண்டு வந்து நின்றேன். வீட்டுக்காரர் பார்த்தார். "பழசுல்லா இது? சரி, உன் இஷ்டம்" என்றார். ஸ்டூடியோக்காரன் எட்டுப் பிரதி கொடுத்தான். மூன்று படிவத்துக்குப் போயிற்று. ஒன்றை அக்காவுக்கு அனுப்பத் தீர்மானித்தேன். அதோடு அக்காவுக்கு ஒரு சூட்டும் தைத்து அனுப்ப நினைத்தேன். கத்தரிப்பூ நிறம்.

மாஸ்டர்ஜிக்கு இப்போது கண் சரியில்லை, மகன்தான் அளவெடுக்கிறான். யாருக்கு, என்ன அளவு என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பாவாடை எல்லாம் அளவு பார்த்துத் தைத்தவளின் அளவு எனக்குத் தெரியாது. என்னைவிடக் கொஞ்சம் பருமன் என்று கையால் காற்றில் காட்டினேன். அவன் இரண்டு அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டான்.

பார்சலில் கடிதமும் வைத்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். பத்து நாள் கழித்து அக்காவே போன் செய்தாள்.

"பார்சல் வந்துட்டு. போட்டோவும் வந்துட்டு. நல்லாருக்கே. அந்தச் செங்கல் கலருதான இது?"

"ஆமாக்கா. நீ தச்சு வச்சது." மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்குக் கடையில நீ எனக்காகத்தான் கேட்டே. நான்தான்..."

"உனக்காகவா? கடிதத்துலயும் அப்படித்தான் எழுதியிருந்தே, எனக்கு விளங்கல. எனக்குத்தாம்ட்டி கேட்டேன்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். அக்கா பேசிக்கொண்டே போனாள்.

"பகல்ல குளிர் தாங்கல. பழைய ரஜாய் ஒண்ணு கட்டில் பெட்டியில இருக்குன்னு ப்ரீதி சொன்னா. தெறந்தா இதுக கிடக்கு. கசங்கிக் கிடந்துதா, மடிச்சு வைப்போம்னு எடுத்தேன். யாரும் இல்லல்லா வீட்டுல. கதவச் சாத்திகிட்டு அந்தச் செங்கல் கலரப் போட்டுப் பாத்தேன். உன் அளவுல்லா, ரெண்டு பக்கமும் தையல் விட்டுட்டு. பயந்து போயிட்டேன். அதான் ஒங்கிட்ட நூலு கேட்டேன்." சிரித்தாள். "ஆனா கால் குளிரவே இல்லட்டி. கண்ணாடியில பாத்தேன். எனக்கு நல்லாருக்க மாதிரிதான் இருந்துச்சு. நீ போட்டிருக்கியேன்னுதான் கடையில தைரியமா கேட்டேன்."

"நான் போடுதேன்னு தெரிஞ்சும் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீ சிரிச்சே. சரி, ஒனக்கு நல்லாருக்கு, நமக்கு நல்லாருக்காது போலன்னு நினைச்சுகிட்டேன். இதெல்லாம் ஒனக்குத்தான தெரியும், டெல்லியில இருக்கவ."

இரண்டு அக்குளிலும் ஒரே மாதிரி விட்ட தையல். என்னைவிடப் பருமனான ஒருத்தி போட்டுப் பார்த்தால்தான் அப்படி விடும். எட்டு குளிர்காலம் அந்தக் கமீஸைப் போட்டுக் கழற்றியிருக்கிறேன், துணி விஷயத்தில் ஊருக்கே யோசனை சொல்லுகிறவள்.

"அனுப்புனது சரியா இருக்காக்கா?"

"சரியாத்தான் இருக்கும் போல. மேல வச்சுப் பாத்தேன். அன்னைக்குன்னா போட்டிருப்பேன். இனிமே எங்கட்டி, அறுபது ஆகப்போவுது. பீரோல வச்சிருக்கேன்."

"உனக்கு நல்லாருக்கும்க்கா" என்றேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், வெயிலில், கடலையைக் கொறித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டியது.

"சரிட்டி" என்றாள் அக்கா, வேளைக்கு மாத்திரை சாப்பிடு என்று சொன்னால் சொல்லுகிற அதே குரலில். பிறகு, ப்ரீதி பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டாள்.